சத்துக் குளிசை

சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கைகளில் நின்று "அபாயா றுக்ஸானாவின் வீடு எது?" என்று கேட்டால், கையோடு கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு வருவதற்கும் ஆள் இருக்கிறது. முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி, சுவரோரம் தொங்கும் அபாயாக்கள், ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று. கடை என்றால் அவ்வளவுதான். மிச்ச வியாபாரம் வட்ஸ்அப்பில் நடக்கிறது. நிந்தவூரிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும்கூடப் பெண்கள் வருகிறார்கள். துணிக்காக வருகிறவர்கள் பாதி, றுக்ஸானாவின் வாயைக் கேட்க வருகிறவர்கள் பாதி.

வாய் என்றால் அப்படியொரு வாய். பொருந்தாத அபாயாவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறவளிடம், விற்பனை போனாலும் போகட்டும் என்று, "இது உங்களுக்கு வேணாம் ராத்தா, சன்னலுக்குப் போடுற சீலை போல இரிக்கி" என்று சொல்லிவிடுவாள். அந்த ராத்தாவும் சிரித்துக்கொண்டு வேறொன்றை வாங்கிப் போவாள். கணவன் அஸ்கி பாடசாலை வேன் ஓட்டுகிறான். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் பேச எதுவும் மிச்சமிருப்பதில்லை. இருந்தாலும் இடம் கிடைக்காது.

இப்படிப்பட்டவள் ஒரேயொரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் கேட்கத் திறந்திருக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டிருந்தாள். அதற்குக் கிடைத்த அடி பிடரியில் விழுந்தது. விழுந்த பிறகு அவள் நிமிர்ந்து நின்ற நிமிர்வை ஊர் இன்னும் மறக்கவில்லை.

மகளின் பெயர் ஸஹ்றா. வயது பதின்மூன்று. சின்ன வயதிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிற பிள்ளை. சாப்பிட்டால் வலி, வலித்தால் கழிச்சல், கழிந்தால் சோர்வு. கூடப் படித்தவர்கள் மளமளவென்று வளர, இவள் மட்டும் போன வருடத்துச் சட்டைக்குள்ளேயே கிடந்தாள். பூச்சி என்றார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள். வாய்வு என்றார்கள், உள்ளி அவித்துக் கொடுத்தார்கள். கண்ணூறு என்று சொல்லி ஓதின தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர்களும் உண்டு. றுக்ஸானா எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் கொழும்புக்கு பஸ் ஏறினாள். அங்கே கிளினிக்கில் இருந்த டொக்டர் நல்லரெத்தினம்தான் முதன்முதலாக அந்த வருத்தத்துக்கு ஒரு பெயரைச் சொன்னார். குரோன்ஸ். உடம்பின் காவல் படையே எதிரி யாரென்று தெரியாமல் சொந்தக் குடலைப் போட்டு அடிக்கிறது என்றார். முற்றாக மாறாது, அடக்கி வைக்கலாம் என்றும் மறைக்காமல் சொன்னார்.

அடக்கி வைக்கத்தான் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை. கூடவே அசதையோபிரின் என்று இன்னொன்று. முதல் குளிசையைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் றுக்ஸானாவின் மண்டையில் ஆணி அடித்தது போல் நின்றது. ஆபத்து வரும்போது உடம்பைத் தாங்கிப் பிடிக்க உடம்பே தனக்குள் ஒரு மருந்தைச் சுரக்கிறதாம். இந்தக் குளிசையும் அதே இனமாம். ஊருக்குள் குழாய்த் தண்ணீர் வந்ததும் நாமெல்லாம் கிணற்றை மூடிவிட்டோம் அல்லவா, மாதக்கணக்கில் குளிசை போனால் உடம்பும் அப்படித் தன் கிணற்றை மூடிவிடும் என்றார். திடீரென்று குழாயை நிறுத்தினால் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆகவே நினைத்த மாதிரி நிறுத்தக் கூடாது, மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். காய்ச்சல், வாந்தி, ஒப்பரேசன் என்று எது வந்தாலும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், முதல் வேலையாக இதைச் சொல்ல வேண்டும். "வேற எதை மறந்தாலும் பரவாயில்ல, இத மறக்கப்படாது" என்று அவர் திரும்பவும் சொன்னார்.

றுக்ஸானா மறக்கவில்லை. மறந்திருந்தால் மன்னித்துவிடலாம்.

விஷயத்தை மறைக்கச் சொன்னது அஸ்கியின் ராத்தா முஸ்பிறா. வாப்பாவும் உம்மாவும் முந்திப் போய்விட்ட வீட்டில், தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அந்தக் குடும்பத்தில் கத்தரிக்காய் என்ன விலைக்கு வாங்குவது என்பதிலிருந்து யாருக்கு யார் மாப்பிள்ளை என்பது வரைக்கும் அவளுடைய வாயிலிருந்துதான் வர வேண்டும். கெட்டவள் இல்லை. ஸஹ்றா என்றால் உயிர். ஆனால் கலியாணமாகாத குமர்ப் பிள்ளைக்கு வருத்தம் என்ற சொல் வாசலைத் தாண்டினால் அதோடு கதை முடிந்தது என்று நம்புகிற தலைமுறை. அதுவும் அந்த வருடம் முஸ்பிறாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி, நாள் குறிக்கிற கட்டத்துக்கு வந்திருந்தது. குடும்பத்தில் ஒரு குமருக்குத் தீராத வருத்தம் என்று மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால், மற்றக் குமரையும் சேர்த்துத்தான் எடைபோடுவார்கள்.

ஆகவே பிரெட்னிசலோன் ஒரு பழைய விட்டமின் போத்தலுக்குள் குடியேறியது. யாராவது கேட்டால் சத்துக் குளிசை. குளிசையின் புண்ணியத்தில் ஸஹ்றாவின் முகம் உப்பி வட்டமாகியபோது ஊர் சந்தோசப்பட்டது. பிள்ளை இப்போதுதான் தேறி வருகிறாள், அது என்ன சத்துக் குளிசை, நமக்கும் பெயரைச் சொல்லேன் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று யாருக்கும் எதையும் சொல்லிவிடுகிற றுக்ஸானா, அந்தக் கேள்விக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு அளவுநாடாவைத் தேடினாள்.

அப்படியிருக்க ஸஹ்றாவுக்கு உட்கார முடியாத இடத்தில் ஒரு சீழ்க்கட்டி வந்தது. இந்த வருத்தக்காரருக்கு வருகிற ஒன்றுதான். காய்ச்சல் ஏறியதும் அயலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கட்டியை வெட்டிச் சீழை எடுக்க வேண்டும், அதற்குச் சின்னதாக மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லி வார்ட்டில் கட்டில் கொடுத்தார்கள். முஸ்பிறாவும் துணைக்கு வந்திருந்தாள்.

வார்ட்டுத் தாதியான மிஸ்ஸி வந்து விவரம் கேட்கும்போது பார்த்து, அடுத்த கட்டிலுக்கு ஆள் பார்க்க வந்தாள் சல்மா உம்மா. முஸ்பிறா மகளுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையின் சாச்சி, சின்னம்மா முறை. பார்க்க வந்தது அடுத்த கட்டிலைத்தான். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"வேற மருந்து ஏதும் பாவிக்கிறாவா?" என்று மிஸ்ஸி கேட்டாள்.

றுக்ஸானா வாயைத் திறந்தாள். அதற்குள் முஸ்பிறாவின் விரல்கள் அபாயாவுக்கு மேலாக அவளுடைய கையைக் கிள்ளின.

"இல்ல மிஸ்ஸி. சும்மா ஒரு சத்துக் குளிசை மட்டும்" என்றாள் முஸ்பிறா, சிரித்த முகத்தோடு.

சல்மா உம்மா போனதும் மிஸ்ஸியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று றுக்ஸானா நினைத்தாள். சல்மா உம்மா லேசில் போகிற ஆளில்லை. அவள் போவதற்குள் அந்த மிஸ்ஸியின் வேலை நேரம் முடிந்து வேறொருத்தி வந்திருந்தாள். பிள்ளைக்கு வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று வந்தவள் சொன்னாள். நோன்பு பிடித்துப் பழகிய சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்றால் ஒன்றும் கூடாது, குளிசை போட்டாலும் நோன்பு முறிந்துவிடும். முஸ்பிறா விட்டமின் போத்தலை எடுத்துப் பையின் அடியில் வைத்தாள். ஒப்பரேசன் அன்று நடக்கவில்லை. அவசரக் கேஸ் ஒன்று வந்து அடுத்த நாளுக்குத் தள்ளிப் போனது. அடுத்த நாளும் நோன்பு. போத்தல் பைக்குள்ளேயே கிடந்தது.

றுக்ஸானாவுக்குத் தெரியும். இருந்தும் மதினியின் முகத்தைப் பார்த்தாள், பேசி முடித்த கலியாணத்தை நினைத்தாள், இரண்டு நாள் குளிசைதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வாய்க்காரி என்று பேர் எடுத்தவள் ஊமையாக நின்றுகொண்டு பிள்ளையைத் தள்ளுவண்டியில் அனுப்பிவைத்தாள்.

சீழ் எடுத்தது நன்றாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகுதான் பிள்ளை தலை தூக்கவில்லை. வார்ட்டுக்குக் கொண்டுவந்த ஸஹ்றா கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தாள். உடம்பு சில்லிட்டு வேர்த்தது. பிரசர் இறங்குகிறது என்று மிஸ்ஸி ஓடினாள். டொக்டர் வந்தார், இன்னொரு டொக்டர் வந்தார், சேலைனை வேகமாக விட்டார்கள், காயத்தைப் பார்த்தார்கள், இரத்தம் போகிறதா என்று பார்த்தார்கள். காரணம் பிடிபடவில்லை. முஸ்பிறா பிள்ளையின் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே ஓதினாள். பாதம் சூடாகவில்லை.

அப்போது சல்மா உம்மா திரும்பவும் வந்து வாசலில் நின்றாள். வார்ட்டில் பார்வையாளர் நேரம், கட்டிலுக்குக் கட்டில் ஊர் சனம். றுக்ஸானா பையைக் கவிழ்த்துப் போத்தலை எடுத்துக்கொண்டு டொக்டருக்கு முன்னால் போய் நின்றாள். அந்தக் குரல் வார்ட்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் போனது.

"டொக்டர், என்ட புள்ளைக்கு குரோன்ஸ் வருத்தம். இது சத்துக் குளிசையில்ல, பிரெட்னிசலோன். மாசக்கணக்காக் குடிக்கிறா. இஞ்ச வந்ததிலிருந்து நாங்க குடுக்கல்ல. கேட்டதுக்குப் பொய் சொன்ன நாங்க."

டொக்டர் ஏசவில்லை. ஏச நேரமிருக்கவில்லை. அந்த நிமிடமே மிஸ்ஸியிடம் ஒரு ஊசியின் பெயரைச் சொன்னார். குளிசையின் வேலையையே நரம்பு வழியாகச் செய்கிற ஊசி அது. பிரசர் மெல்ல மெல்ல ஏறியது. பின்னேரம் அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போது ஸஹ்றா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். றுக்ஸானா வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். பயத்தில் வந்த அழுகை பாதி, தன்மேல் வந்த கோபத்தில் பாதி. அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது ஒன்றைத் தீர்மானித்துவிட்டாள். இனி இந்த வாய் மூடாது.

சல்மா உம்மா வீடு போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கிழமையே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, பொடியனுக்கு இப்போது கலியாணம் செய்கிற எண்ணமில்லை என்றார்கள். எண்ணம் அதற்கு முந்தின கிழமை வரைக்கும் இருந்தது.

முஸ்பிறா வந்து முன்னறையில் உட்கார்ந்தாள். அபாயா பார்க்க வந்தவர்கள் மெதுவாக நழுவினார்கள். என் மகளுடைய வாழ்க்கையைச் சந்தியில் போட்டு உடைத்துவிட்டாய், ஒரு நிமிடம் டொக்டரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லியிருக்க உனக்கு முடியாதா, ஊரைக் கூப்பிட்டா சொல்ல வேண்டும் என்று அழுதும் ஏசியும் தீர்த்தாள். றுக்ஸானா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மகள் மேல் அவளுக்கும் பாசம்தான். பாவம், அந்தப் பிள்ளை எந்தப் பாவமும் அறியாதது. ஆனாலும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

"மதினி, உங்கட மகளுக்கு வேற மாப்பிள்ள கிடைப்பான். எனக்கு வேற ஸஹ்றா கிடைக்கமாட்டா" என்றாள்.

முஸ்பிறா தம்பியைப் பார்த்தாள். எப்போதும் ராத்தாவின் பக்கம் தலையாட்டுகிற தம்பி அன்று தலையாட்டவில்லை. வேன் சாவியைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தவன், புள்ள சில்லிட்டுக் கிடக்கும்போது காலைத் தேய்த்தது நீங்கள்தானே ராத்தா, அது எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று மட்டும் கேட்டான். முஸ்பிறா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

மறுநாள் காலையில் றுக்ஸானா விட்டமின் போத்தலைக் குப்பையில் எறிந்தாள். குளிசைகளை அவற்றின் சொந்தப் பெட்டிகளோடு எடுத்துவந்து முன்னறைக் கண்ணாடி அலுமாரியில், ஊசி நூலும் பின்களும் இருக்கிற தட்டுக்கு மேல் தட்டில், வருகிறவர் கண்ணில் படும்படி அடுக்கினாள். இனி ஸஹ்றா அங்கே நின்றுதான் குளிசை குடிப்பாள். ஸஹ்றா முதலில் வெட்கப்பட்டாள், கடைக்கு ஆள் இருந்தால் வரமாட்டேன் என்றாள். உன் குடலில்தானே வருத்தம், முகத்தை ஏன் மறைக்கிறாய் என்று உம்மா கேட்டாள். அதன் பிறகு அவளும் பழகிக்கொண்டாள். இதையெல்லாம் உள்ளே வைக்கலாமே என்று ஒரு வாடிக்கைக்காரி புத்தி சொன்னாள். அபாயாக்களை உள்ளே வைத்துக் குளிசையை வெளியே விற்கலாமா என்று யோசிக்கிறேன் என்றாள் றுக்ஸானா.

கட்டி ஆறினாலும் குடலில் ஓரிடம் சுருங்கிப்போயிருந்தது. ஸ்கேனில் அதைப் பார்த்த டொக்டர் நல்லரெத்தினம், அந்தத் துண்டை வெட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். இந்த முறை பெரிய ஒப்பரேசன். அதற்கு முன்னால் மருந்துகளை ஒழுங்குபடுத்துகிற வேலை பெரிய வேலையாக இருந்தது. ஸ்டீரொயிட் அதிகமாக இருந்தால் தையல் ஆறாது, ஆகவே குறைத்துக்கொண்டு வர வேண்டும். அடியோடு நிறுத்தவும் முடியாது. சில கிழமைக்கு ஒருமுறை கொழும்பில் ஏற்றுகிற சேலைன் மருந்து ஒன்றும் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். அதன் இரண்டு தவணைகளுக்கு நடுவில் ஒப்பரேசன் வருகிற மாதிரி நாள் பார்த்தார்கள். அசதையோபிரின் தொடரலாம். வலிக்கிறது என்று பாமசியில் கேட்டு வாங்குகிற வலிக் குளிசை எதுவும் கிட்டவும் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடலுக்கு ஓய்வும் உடம்புக்குப் பலமும் கிடைப்பதற்காகச் சில கிழமைகளுக்குச் சோறு கறி கிடையாது. கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சத்து மாவைக் கரைத்துப் பாலாகக் குடிப்பது மட்டும்தான் சாப்பாடு.

அந்தக் கிழமைகள் பார்த்து நோன்பு மாதத்தில் வந்து விழுந்தன. ஊரெல்லாம் வாய் கட்டியிருக்கிற பட்டப்பகலில் ஸஹ்றா ஒரு பெரிய கோப்பையோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். ஊரெல்லாம் கஞ்சியும் சமோசாவுமாக நோன்பு திறக்கிற நேரத்திலும் அதே கோப்பைதான். சுற்றிவர எல்லா வீட்டுக் குசினியிலிருந்தும் மணம் வரும். ஒரு நாள் அவள் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரேயொரு சமோசா உம்மா, மூலையை மட்டும் கடிக்கிறேன் என்று கெஞ்சினாள். றுக்ஸானா கொடுக்கவில்லை. அன்றைக்கு அவளும் அஸ்கியும் பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் நோன்பு திறந்தார்கள். பிறகு மகளுக்குக் கரைத்த பாலிலேயே ஆளுக்கொரு கோப்பை ஊற்றிக்கொண்டார்கள். வாயில் வைக்க முடியாத பால். இதையா புள்ள இவ்வளவு நாளும் குடிக்குது என்று அஸ்கி முகத்தைச் சுளித்ததைப் பார்த்து ஸஹ்றா சிரித்துவிட்டுத் தன் கோப்பையை எடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சமோசா பொரிக்கவில்லை.

பகலில் வாசலால் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, குமர்ப் பிள்ளைக்கு நோன்பில்லையா என்று கேட்டார்கள். நோயாளிக்குப் படைத்தவனே விட்டுக்கொடுத்த ஒன்றுக்குப் பக்கத்து வீட்டில் வந்து அனுமதி கேட்க வேண்டுமா என்று றுக்ஸானா திருப்பிக் கேட்டாள். அதையும் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படிதான் கேட்டாள். கேட்டவர்கள் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

பெருநாள் முடிந்து கொழும்புக்குப் போனார்கள். வார்ட்டில் கட்டில் கிடைத்ததும் றுக்ஸானா மருந்துப் பெட்டிகளைக் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வரிசையாக வைத்தாள். வந்த டொக்டர், போன டொக்டர், மிஸ்ஸி, மாணவ டொக்டர், எல்லோருக்கும் ஒரே கதையைச் சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள். கூட்ட வந்த பெண்ணுக்குக்கூடப் பிரெட்னிசலோன் பற்றித் தெரிந்திருந்தது என்று அஸ்கி பிறகு வேனில் சொல்லிச் சிரிப்பான்.

ஒப்பரேசன் அன்று வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்கள். அப்படியென்றால் காலைக் குளிசை என்று றுக்ஸானா கேட்டாள். ஒரு மிடறு தண்ணீரோடு குடிக்கலாம், நல்லரெத்தினம் டொக்டர் அப்படித்தான் எழுதியிருக்கிறார், தியேட்டரில் ஊசியும் போடுவார்கள் என்றாள் மிஸ்ஸி. இது நோன்பில்லை என்று றுக்ஸானா தனக்குள் சொல்லிக்கொண்டு, மகளின் நாக்கில் குளிசையை வைத்தாள். அவளுக்கு அந்த ஒரு மிடறு தண்ணீர் உள்ளே இறங்குவதைப் பார்த்தால்தான் நிம்மதி.

தியேட்டர் வாசலில் தள்ளுவண்டி நின்றது. உள்ளே போகிற நேரத்தில் றுக்ஸானா வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஊசி எப்ப போடுற எண்டு கேளுங்க" என்றாள், சிங்களம் தெரிந்த அஸ்கியிடம்.

அஸ்கி தயங்கினான். "அவங்களுக்குத் தெரியும்தானே."

"தெரிஞ்சிருக்கும். எனக்கும் தெரியோணும்."

வண்டி தள்ள வந்தவர் பொறுமையிழந்தார். மிஸ்ஸி கையை எடுக்கச் சொன்னாள். றுக்ஸானா எடுக்கவில்லை. சண்டை பிடிக்கவுமில்லை, கத்தவுமில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உள்ளேயிருந்து மயக்க மருந்து டொக்டர் வெளியே வந்து என்ன விஷயமென்று கேட்டார். அஸ்கி சொன்னான். அவர் உள்ளே போய், மருந்து ஏற்றித் தயாராக வைத்திருந்த ஊசியை எடுத்துவந்து றுக்ஸானாவின் கண்ணுக்கு நேரே காட்டினார். மயக்கம் கொடுக்கும்போதே இது போகும், பிறகும் குடிக்கத் தொடங்கும் வரைக்கும் நரம்பில் போய்க்கொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டு, இன்னும் ஏதோ சொன்னார். கேட்கிற தாய்மார் வந்தால் தனக்கு வேலை லேசு என்கிறார் என்றான் அஸ்கி. றுக்ஸானா அப்போதுதான் கையை எடுத்தாள். ஸஹ்றா போகிற போக்கில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

துண்டை வெட்டி எடுத்தார்கள், நல்லபடியாகப் பொருத்தினார்கள். இந்த முறை பிரசர் இறங்கவில்லை. றுக்ஸானா கட்டிலடியில் நின்று மகளின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பாதம் சூடாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் சொன்னதும் அங்கிருந்த யாவருக்கும் கேட்டது.

ஸஹ்றா எழுந்து சாய்ந்து உட்காரத் தொடங்கிய நாளில் வார்ட் வாசலில் முஸ்பிறா வந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. ஊரிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். கையில் சுடுதண்ணிப் போத்தல், கண்ணில் பயணக் களைப்பு. உங்களோடு கதைக்க வரவில்லை, புள்ளையைப் பார்க்க வந்தேன் என்று றுக்ஸானாவிடம் சொல்லிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து, முதல் வேலையாகப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். றுக்ஸானா மேசையிலிருந்த மருந்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, புண் ஆறியதும் திரும்பத் தொடங்கப்போகிற சேலைன் மருந்து வரைக்கும் அவளுக்கும் சொன்னாள். தொழுகைக்கு நேரமாகியிருந்தது. பிள்ளையை மதினியிடம் விட்டுவிட்டு வுழூச் செய்யப் போனாள்.

ஊர் சின்னது என்பார்கள். உண்மையில் நம் சனம் எங்கே போனாலும் ஊரைக் கையோடு கொண்டுபோகிறது. அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளை மருதமுனைப் பிள்ளை. அதைப் பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி முஸ்பிறாவை அடையாளம் கண்டுகொண்டாள். நீங்கள் சாய்ந்தமருதுதானே, உங்களுக்கு மூத்தது குமர்தானே, எங்கள் பக்கத்தில் நல்ல பொடியன் ஒருவன் இருக்கிறான், ஆசிரியர் வேலை என்று பேச்சு ஆரம்பமாகியிருந்தது. வுழூச் செய்து முகத்தில் நீர் சொட்டச் சொட்ட வந்த றுக்ஸானாவுக்கு அது வார்ட் வாசலிலேயே கேட்டது.

அந்த நேரம் பார்த்து, வேலை மாறி வந்த ஒரு மிஸ்ஸி கட்டிலடிக்கு வந்தாள். கொஞ்சம் தமிழ் தெரிந்த இளம் பெண். கட்டிலோரம் இருந்த முஸ்பிறாவிடம் கேட்டாள்.

"பிள்ளை வேற மருந்து ஏதும் பாவிக்கிறாவா?"

மருதமுனைப் பெண் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். முஸ்பிறாவின் கை முந்தானை நுனிக்குப் போய் அதைச் சுருட்டத் தொடங்கியது. ஸஹ்றாவுக்கு எல்லா மருந்தின் பெயரும் மனப்பாடம், ஒரே மூச்சில் சொல்லக்கூடியவள். அவள் சொல்லவில்லை. மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற றுக்ஸானாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு எட்டு வைத்து ஒரு சத்தம் போட்டால் முடிந்தது. ஆனால் அவள் தன் வாழ்நாளில் இரண்டாவது தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

முஸ்பிறா எழுந்து நின்றாள்.

"பாவிக்கிறா மிஸ்ஸி" என்றாள். அடுத்த கட்டிலுக்கு மட்டுமல்ல, அதற்கடுத்த கட்டிலுக்கும் கேட்டது. "இவக்கு குரோன்ஸ் எண்டு ஒரு வருத்தம். குடல் வருத்தம், தீராது. பிரெட்னிசலோன் குடிக்கிறா. அத ஒரு நேரமும் விடப்படா, விட்டா புள்ள தாங்காது. நான் கண்ணால கண்ட. மற்றது அச... அசதை..."

"அசதையோபிரின்" என்றாள் ஸஹ்றா.

"ஓம், அதுதான். மறுகா சேலைன்ல ஏத்துற மருந்தொண்டும் இரிக்கி. புண் ஆறின பிறகு திரும்பத் தொடங்குவாங்க."

மருதமுனைப் பெண் மெல்லத் தன் கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆசிரியர் வேலை பார்க்கிற பொடியனைப் பற்றி அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. முஸ்பிறா அதைக் கவனித்தாள். கவனித்தும் உட்காரவில்லை.

"சத்துக் குளிசை, மாமி?" என்று ஸஹ்றா கேட்டாள். வட்ட முகத்தில் சிரிப்பு நின்றது.

முஸ்பிறாவின் முகம் சிவந்தது. தலைக்கு மேலே போட்டிருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு மிஸ்ஸியைப் பார்த்தாள்.

"சத்துக் குளிசை எண்டு ஒண்டும் இல்ல மிஸ்ஸி. அது நான் சொன்ன பொய்."

மிஸ்ஸி பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் பேனையைத் தாளில் வைத்து அதையும் எழுதப் போனாள்.

"அத எழுத வேணாம்" என்றாள் முஸ்பிறா. "மற்றதெல்லாம் எழுதுங்க."